நாற்பது நிமிட விழிப்பு

அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் இரண்டு மணிக்கு, அவருடைய வண்டி ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் அதன் மேலேயே ஏறியது. அங்கே காத்திருந்த ஒரு பெண் இறந்துபோனார். "பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கல" என்று அப்பா அன்று சொன்னதில் இன்றுவரை ஓர் எழுத்து மாறவில்லை.

வண்டியின் முன்பக்கம் நசுங்கி, பிரேக் குழாய் கழன்று கிடந்தது. மோதுவதற்கு முன்பே கழன்றதா, மோதியதில் கழன்றதா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. முந்தின நாள் அந்தக் குழாயை மாட்டியவர் அப்பாவின் பதினைந்து வருடச் சிநேகிதர், டிப்போ மெக்கானிக். ஸ்பேனர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அப்பா சொல்வது உண்மையென்றால் ஸ்பேனர் ஜெயிலுக்குப் போவார். இல்லையென்றால் அப்பா போவார். நிர்வாகம் இருவரையும் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, அப்பாவைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பியது. ஓட்டும்போது அவர் கண்ணயர்ந்திருப்பாரோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

பரிசோதனை சுலபமானது. மங்கலான அறையில், நாற்காலியில், நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கக் கூடாது. பாடக் கூடாது, கிள்ளிக்கொள்ளக் கூடாது. ஒரே நாளில் நான்கு முறை. எங்கள் கல்லூரியில் இதில் தேறக்கூடியவர் ஒருவரும் இல்லை, பேராசிரியர்கள் உட்பட.

எந்தப் பரீட்சைக்கும் எங்கள் வீட்டில் ஒரே வழிதான்: மனப்பாடம் ஆகும்வரை எழுதிப் பார்ப்பது. மூன்று வாரம், தினமும் நான்கு முறை, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அப்பாவைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தோம். அம்மா கண்காணிப்பாளர். நேரம் முடிந்ததும் நான் உள்ளே போய், தோளைத் தொட்டு, "முடிஞ்சுதுப்பா" என்பேன்.

"சுவர்ல எத்தனை விரிசல்னு கேளு, சொல்றேன்" என்றார் அப்பா ஒருநாள்.

"எண்ணத் தெரியுது. இத்தனை வருஷமா பூசத்தான் தெரியல" என்றாள் அம்மா. அம்மா இரண்டு முறை தூங்கிப்போனாள். அப்பாதான் எழுப்பிவிட்டார்.

பரிசோதனை நாளன்று ஒரு பெண் ஊழியர் அவர் தலை முழுக்க ஒயர்களை ஒட்டினார். ரிப்பேருக்காகத் திறந்துவைத்த ரேடியோ மாதிரி இருந்தார் அப்பா. காலை எட்டு, பத்து, பன்னிரண்டு மணிகளில் மூன்று முறையும் தேறிவிட்டார். நான்காவது, மத்தியானம் இரண்டு மணிக்கு. நான் வெளியே பெஞ்சில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் ஆனதும் அந்த ஊழியர் கதவைத் திறந்தார்.

"என்னம்மா, மறுபடியுமா?" என்று அப்பாவின் குரல் கேட்டது. "இப்பத்தானே பையன் வந்து முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போனான்?"

"யாரும் வரலீங்க. ஆறாவது நிமிஷமே தூங்கிட்டீங்க."

"தூங்கினேனா? சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்மா. பதினொரு விரிசல்!"

ஊழியர் விளக்கைப் போட்டார். புதிதாக வெள்ளையடித்த சுவர்.

"கண்ணை மூடினதும் நேரா கனவுக்குள்ள போயிடுறீங்க. கம்ப்யூட்டர்ல அப்படியே தெரியுது. மத்ததை டாக்டர் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு, ஒயர்களைப் பக்குவமாகப் பிய்க்க ஆரம்பித்தார்.

வராந்தாவில் அப்பா நின்றுவிட்டார். தலைமுடியில் பசை திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"நீ என் தோளைத் தொட்டியாடா?"

"இல்லப்பா. நான் உள்ளேயே வரல."

"இன்னும் தோள்ல அப்படியே இருக்கு." கொஞ்ச நேரம் தன் வலது காலையே பார்த்தார். "பெடல் பாதத்துல முட்டுச்சுடா அன்னிக்கு. மிதிச்சேன்."

மூன்று வாரம் பழக்கிய சுவரே கனவில் வருகிறது. அந்த நிறுத்தத்தில் அவர் இருபத்திரண்டு வருடம் பிரேக் பிடித்திருக்கிறார்.

திரும்பும்போது பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. அப்பா உட்காரவில்லை. எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கி விறுவிறுவென்று நடந்தார். ஸ்பேனர் வீடு அந்தத் தெருவில்தான்.

கதவைத் திறந்த ஸ்பேனர் பாதியாக இளைத்திருந்தார். வா என்று சொல்லவில்லை.

"நான் மிதிக்கலடா" என்றார் அப்பா. "தூங்கிட்டேன். மிதிச்ச மாதிரி கனவு கண்டிருக்கேன். உன் மேல தப்பே இல்ல."

ஸ்பேனர் வாசற்படிக்கு வந்தார். "நேத்துதான் எழுதிக் கொடுத்தேன்."

"என்னன்னு?"

"குழாய் நட்டை முறுக்க மறந்துட்டேன்னு. மூணு நாலு மாசமா கண்ணை மூடினா அதுதான் வருது. நட்டு கையில இருக்கு. யாரோ கூப்பிடுறாங்க. கீழ வச்சுட்டுப் போயிடுறேன். இப்பல்லாம் முழிச்சிருக்கும்போதே ஞாபகம் வருது."

"அது கனவுடா மடையா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற எவனுக்குடா தெரியும்?"

ஆறு மாதம் பழியை மாற்றி மாற்றித் தள்ளியவர்கள், இப்போது அதைப் பிடுங்கிக்கொள்ளச் சண்டை போட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பா குரலைத் தணித்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ்ல ஆள் இருக்கும். சட்டையை மாட்டிக்கிட்டு வா. நான் நடந்ததைச் சொல்லிடறேன், நீ லெட்டரைத் திருப்பி வாங்கிக்க."

ஸ்பேனர் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்லச் சொல்றியா? கையில எண்ணெய்ப் பிசுக்குகூட இருந்துச்சுடா. நான் பாத்தேன்."

"நானும்தான்டா மிதிச்சேன்" என்றார் அப்பா.