கட்டைக்கால் கதிரை

ஜெனுஷா உயர்தரப் பரீட்சை எழுதுவது இது மூன்றாம் தடவை. நான்காம் தடவை என்று ஒன்று கிடையாது. உயிரியலில் சறுக்கினால் பல்கலைக்கழகக் கனவு அத்தோடு சரி.

உப்புக்குளத்து மாலை வகுப்பு முடிந்ததும் அவளும் யதுர்சிகாவும் இரண்டு வருடமாகச் சேர்ந்தே படித்தார்கள். ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டு விளக்குவாள். மற்றவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பாள். பிழை வந்தால் வாய் திறப்பதில்லை. கேட்பவள் உட்காரும் யதுர்சிகாவின் மரக்கதிரைக்கு ஒரு கால் கட்டை. அதைச் சாய்த்து ‘டொக்’ என்று ஒரு தட்டு. பிழை எங்கே என்று விளக்குபவளே தேட வேண்டும். தானே தேடிக் கண்டது மறக்காது என்பது யதுர்சிகாவின் கட்சி.

மாரியில் வந்த காய்ச்சல் யதுர்சிகாவை நான்கே நாளில் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அவளுடைய தாய் மார்த்தா அந்தக் கதிரையைக் காட்டினார்.

“இதைக் கொண்டு போ பிள்ளை. பின்னேரமானா நான் இதையே பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

ஜெனுஷா வெறுங்கதிரைக்கு முன்னால் நின்று விளக்கத் தொடங்கினாள். திகதி, பாடம், தடுமாறிய இடம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே பாடத்தைத் திரும்பச் சொன்னாள்.

“கதிரைக்கு முடிஞ்சா மேசைக்கும் ஒருக்காச் சொல்லிக் குடு,” என்றாள் தாய் றஞ்சிதம். “அதுவும் சும்மாதான் நிக்குது.”

“மேசை கவனிக்காது அம்மா.”

ஒரு மாலை, நுரையீரல் நாடியில் ஒட்சிசன் நிறைந்த குருதி ஓடும் என்றாள். டொக்.

வெளியே கழுதைகள் வந்து சுவரில் உரசுவது வழக்கம். அதுதான் என்று நினைத்தாள். ஆனாலும் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். அவள் சொன்னது பிழை. கட்டைக் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தாள். மூன்றாம் நாள் வேறொரு பிழைக்கு மறுபடியும் தட்டியது.

சோதித்துப் பார்க்க, இதயத்துக்கு ஆறு அறை என்று வேண்டுமென்றே சொன்னாள். சத்தமில்லை. இன்னும் நான்கு பொய் சொன்னாள். கதிரை அசையவில்லை. கொப்பியில் எழுதினாள்: ‘பொய்க்குத் தட்டாது. நான் சரியென்று நம்பும் பிழைக்கு மட்டும் தட்டும்.’ கதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட நினைத்தாள். ஆனால் பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. கதிரை அங்கேயே நின்றது.

உயிரியல் தாளுக்கு முதல்நாள் மாலை, ஒரு தட்டும் வாங்காமல் கொப்பியில் இருந்த பாடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். முதல் தடவையாக அவளுக்கு நம்பிக்கை வந்தது.

“நாளைக்கு எனக்குச் சரிவரும்.”

டொக்.

கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சிறுநீரகத்துக்குத் திகதியே இல்லை. யதுர்சிகாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று பாதியில் விட்ட பாடம் அது. அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவேயில்லை. நிலத்தில் உட்கார்ந்து படித்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள். ஒரு தட்டு. பிழையைத் தேடித் திருத்தினாள். மறுபடி சொன்னபோது தட்டவில்லை.

“நாளைக்கு எனக்குச் சரிவரும்.”

கதிரை பேசாமல் நின்றது. சொன்னது சரி என்பதாலா, இந்த முறை அவளே அதை நம்பவில்லை என்பதாலா?

குனிந்து பார்த்தாள். கட்டைக் காலுக்குக் கீழே அட்டை நைந்து கிழிந்திருந்தது. அந்த வீட்டில் அந்தக் கதிரையில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. புது அட்டை ஒன்றை மடித்து வைத்துவிட்டு, சிறுநீரகத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.