அஞ்சு மணிக்கு எடுங்க

"ஃபாதர், அப்பாவ ரெண்டு மணிக்கு எடுக்க வேணாம். அஞ்சு மணிக்கு எடுங்க."

செபப் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்த ஃபாதரின் கை நின்றது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "ஃபாதருகிட்ட இதப் பேசமாட்டேன்னு சொல்லு" என்று காலையில் அடுப்படியில் வைத்து அம்மா கேத்ரினைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். கேத்ரின் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?" என்றார் ஃபாதர்.

"தங்கச்சிக்கு இன்னைக்கு ஓட்டம் இருக்கு. மாகாண மட்டம், நுவரெலியாவுல. ரெண்டரைக்கு ஓடிட்டு நாலரைக்குள்ள வந்துருவா. அதுக்குப் பொறகு எடுங்க."

"இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு ஃபாதர்," என்றாள் அம்மா. "நீங்க செபத்தச் சொல்லுங்க."

ஃபாதர் பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எனக்கு அஞ்சு மணின்னாலும் ஒன்னுதான். வீட்டு ஆம்பளைங்க பேசி முடிவு சொல்லுங்க," என்றார்.

அந்தச் சாந்தமான குரல்தான் கேத்ரினுக்கு எரிச்சலாக இருந்தது.

பெட்டிக்குள் வியாகுலம் வெள்ளைச் சட்டையில் கிடந்தார். செவ்வாய்க்கிழமை மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிமேலேயே சாய்ந்தார். ரோட்டுக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து உடல் கெடாமல் ஊசி போட்டு வைத்திருந்தார்கள். கத்தாரிலிருந்து மகன் கிறிஸ்டியன் வர வேண்டுமே! மகன் வராமல் எப்படி எடுப்பது? அதை யாரும் ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. மகனுக்காக நாலு நாள் காத்திருக்க முடிந்த பிணம், இளைய மகளுக்காக மூன்று மணித்தியாலம் காத்திருக்க முடியாதாம்.

வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் கிறிஸ்டியனும் அம்மாவின் தம்பி சின்னராசா மாமாவும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாதான் தோட்டத்து ஃபுட்போல் கழகத் தலைவர். உள்ளே நடந்ததை இருவரும் கேட்டுவிட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பெட்டி தூக்குறது யாரு புள்ள?" என்றார் மாமா. "நம்ம டீம் பயலுக. நாலு மணிக்கு அவனுகளுக்கு ப்ராக்டிஸ் இருக்கு. நாளைக்கு மேட்ச்சு."

"அப்ப மேட்ச்சுக்காகத்தான் ரெண்டு மணி."

"அப்படின்னு நான் சொன்னேனா? அந்திக்கு மழ புடிச்சிக்கும், பனி எறங்கும். குழிக்குள்ள தண்ணி நிக்கும்."

"பெரியப்பாவ எடுத்தன்னைக்கு மழ இல்லியா மாமா?"

மாமா வெற்றிலையை வாயின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். அவருக்கு ஞாபகம் இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பெரியப்பாவை அடக்கம் பண்ணிய அன்று கிறிஸ்டியனுக்கு ஹட்டனில் ஸ்கூல் மேட்ச். பெனால்டி வரைக்கும் போய்விட்டது. கொட்டுகிற மழையில் பெரியப்பாவின் பெட்டியைக் கோயில் வாசலில் வைத்துவிட்டு, வியாகுலம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் கூட்டத்துக்குச் சொன்னார். மகன் ஜெயித்து, ஜெர்சியோடு வந்து தூக்கிய பிறகுதான் பெட்டி குழிக்குப் போனது. துக்கத்துக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள்.

"அது வேற," என்றான் கிறிஸ்டியன்.

"எப்படிண்ணே வேற?"

"டிகிரி படிச்சா அப்பன் பொணத்துக்கும் டைம்டேபிள் போடுவியா நீ? கம்பஸ் திமிரெல்லாம் அங்கேயே வச்சிட்டு வா."

"ஒனக்காகப் போட்டாங்களே, அப்ப எந்தத் திமிரு?"

"ஏய், நான் விளையாடுனது டீம். ஸ்கூல் பேரு. இவ ஓடி என்ன பண்ணப் போறா?"

"நீ விளையாடி என்ன பண்ணுன? கத்தார்ல கேட் தொறந்து மூடுற."

கிறிஸ்டியன் எழுந்தான். மாமா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சாவு வீடுடா, சாவு வீடு," என்றார், ஏதோ சாவு வீடு என்பதால்தான் அடிக்கக் கூடாது என்பதுபோல.

கிறிஸ்டியன் விளையாடிய காலத்தில் வியாகுலம் ஒரு மேட்ச் விட்டதில்லை. ஒஃப்சைட் என்றால் என்னவென்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. பந்து யார் காலுக்குப் போனாலும் "அடிடா!" என்று கத்துவார். எதிர் டீம் போட்ட கோலுக்கும் ஒருமுறை எழுந்து ஆடியிருக்கிறார். பொம்பளைப் பிள்ளைகளின் ஓட்டம் வந்தால் வடை தின்னப் போய்விடுவார். கேத்ரின் எட்டாம் வகுப்பில் ஓடி நாலாவதாக வந்ததை அவர் பார்க்கவில்லை. தங்கச்சி ஜெரோமி ஜெயிக்கத் தொடங்கிய பிறகுதான் வடைக்கடையிலிருந்து திரும்பி வந்தார்.

திரும்பி வந்து என்ன செய்தார் என்பதைப் பேசக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

போன வருடம், இதே மாகாணப் போட்டி. ஆயிரத்தைந்நூறு மீற்றர். ஜெரோமி முன்னால் வந்துகொண்டிருந்தாள். கடைசிச் சுற்று தொடங்குகிறது என்பதற்கு மணி அடித்தார்கள். வியாகுலத்துக்கு ஆயுள் முழுக்க ஒரே மணிதான் தெரியும். தேயிலை ஸ்டோரில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் அடித்தால் வேலை முடிந்தது, கத்தியைக் கீழே வைக்கலாம். மணி கேட்டதும் வேலியைத் தாண்டி உள்ளே ஓடினார். தோளில் கிடந்த துண்டை மகள்மேல் போர்த்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சிட்டா! எம்மக ஜெயிச்சிட்டா!" மற்றப் பிள்ளைகள் இருவரையும் சுற்றிக்கொண்டு ஓடிப்போனார்கள்.

வெளியாள் தொட்டதால் ஓட்டம் செல்லாது என்றார்கள். அது விளங்குவதற்குள் அவர் பக்கத்தில் நின்றவர்களுக்கு டொஃபி பங்கிட்டு முடித்திருந்தார். அதிலிருந்து லயத்து வீடுகளில் அவர் பெயர் மணி வியாகுலம். முதல் மூன்று பேர்தான் அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போக முடியும். அடுத்த வருடம் ஜெரோமிக்கு வயது தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். கையில் செபமாலை.

"முடிவாச்சா?"

"ரெண்டு மணிக்குத்தான்," என்றான் கிறிஸ்டியன். "அவ போறதுன்னா போகட்டும். திரும்பி வந்து மண்ணத்தான் பாக்கணும்."

"நல்லா நெஞ்சுல கை வச்சுச் சொல்லு கேத்தி," என்றாள் அம்மா. "அப்பா உசுரோட இருந்தா இப்பிடி ஒரு காரியத்துக்கு விட்டிருப்பாரா?"

"அப்பா இருந்தா கூடவே வந்து திரும்பவும் கெடுத்திருப்பாரு."

அடி செபமாலையோடு விழுந்தது. உள்ளே ஒரு பெண் "ஐயோ ஆண்டவரே" என்றாள். கேத்ரின் கன்னத்தைத் தொடவில்லை. மணிகள் பட்ட இடம் தனித்தனியாக எரிந்தது. அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

கேத்ரின் பின்பக்கமாக அடுப்படிக்குப் போனாள். ஜெரோமி விறகுக் கட்டின்மேல் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எதுதான் கேட்காது?

"நீ சொல்லு. போகணுமா?"

ஜெரோமி விறகுக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினாள்.

"எனக்காகச் சொல்லாத. ஒன் ஓட்டத்துல எத்தன சுத்துன்னுகூட எனக்குத் தெரியாது."

"மூனே முக்கா."

"வேணாம்னா இப்பவே சொல்லு. கீழ ரோட்டுல ஷிஹாம் ஆட்டோவோட நிக்கிறான். காலையிலயே வரச் சொல்லிட்டேன். திருப்பி அனுப்பிடலாம்."

"காலையிலயேவா?"

"ஆமா."

"அப்ப எதுக்குக்கா ஃபாதர்கிட்ட கேட்ட?"

"வாயத் தொறந்து அவங்க இல்லன்னு சொல்லணும். அதுக்குத்தான்."

ஜெரோமி சாம்பலில் குச்சியால் கோடு கிழித்தாள். "இந்த வருசம் வலய மட்ட ஓட்டத்துக்கு அப்பா வந்தாரு அக்கா. ஸ்கூல் சேர் வரக்கூடாதுன்னு சொல்லியும் வந்தாரு. வேலிக்கு வெளிய, குடை புடிச்சிட்டு நின்ன ஆளுங்களுக்குப் பின்னால. ரெண்டு கையையும் கக்கத்துல வச்சிகிட்டு நின்னாரு. நான் மொதலாவது வந்தேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அவரு கைய வெளிய எடுக்கவே இல்ல."

அப்பாமேல் கேத்ரின் வைத்திருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டியிருந்தது.

ஜெரோமி எழுந்தாள். வெள்ளைச் சட்டைக்குக் கீழே ஓட்டக் காற்சட்டையின் நீல விளிம்பு தெரிந்தது. காலையிலேயே போட்டிருக்கிறாள்.

"மொகம் பாத்துட்டு வர்றேன்," என்றாள்.

பெண்கள் வழிவிட்டார்கள். வியாகுலத்தின் கைகளுக்கு அடியில் அம்மா அவருடைய துண்டை மடித்து வைத்திருந்தாள். அதே துண்டு. ஜெரோமி குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். துண்டின் ஓரம் சுருண்டிருந்தது, அதை விரலால் நீவிவிட்டாள். அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கேத்ரின் அப்பாவைத் தொடவில்லை. அவர் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தாள்.

இஸ்தோப்பில் கிறிஸ்டியன் வழியை மறித்துக் காலை நீட்டியிருந்தான். "போனா இந்த வாசப்படிய மிதிக்காதீங்க ரெண்டு பேரும்."

"கால எடுண்ணே."

அவன் எடுக்கவில்லை. ஜெரோமி தாண்டினாள். கேத்ரின் தாண்டினாள். செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுத்து, நின்று, வாரைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ரோட்டுக்குக் குறுக்கு வழி மைதானத்தின் ஊடாகத்தான். நாளைய மேட்ச்சுக்கு டீம் பையன்கள் ஈரச் சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அடக்க நாளில் மலைக்குச் சேதி சொல்வதற்கு நடுப்பகலில் கோயில் மணி அடிப்பார்கள். அது இப்போது தொடங்கியது. பையன்கள் வாளியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். ஜெரோமியின் நடை ஒரு கணம் தடுமாறியது.

"நட," என்றாள் கேத்ரின்.

ஜெரோமி பழக்கத்தில் காலைத் தூக்கி, கோட்டில் படாமல் அந்தப் பக்கம் வைத்தாள். கேத்ரின் மிதித்துக்கொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் மைதானத்தின் பாதிவரை ஒற்றைச் செருப்பின் வெள்ளைத் தடம் வந்தது.