அண்டம் காட்டிய கதவு

மனித குலம் அடுத்த நூற்றாண்டில் காலெடுத்து வைக்கும் நாளில், அதன் வாசலில் பொறித்திருக்கப் போவது ‘அண்டம்’ எழுத்துருதான். இதைச் சொன்னவர் அதை வரைந்தவர். ஆமோதித்தவரும் அவரே.

‘அண்டம்’ எழுத்துகள் உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலம். சுழி, கொம்பு, வளைவு எல்லாம் பழைய காலத்து மூட்டை என்று கழித்துக் கட்டியிருந்தார். மிஞ்சியவை மூலை மழுங்கிய பெட்டிகள், நடுவே ஒரு கீறல். விண்வெளிப் படத்துச் சுவரொட்டிக்கென்று வரைந்ததை, அந்தப் படம் நின்றுபோகவே, புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையின் தலையில் கட்டிவிட்டார். அறைக்கு அறை பலகை. அலுவலகத்தில் அவருக்கு ‘அகலம்’ என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும்.

அதே மருத்துவமனையில் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவள் பிறந்தபோது அகலம் விருது மேடையில் இருந்தார். மனைவி அதை மறக்கவில்லை, அவரை மறக்க விடவும் இல்லை.

“இந்தத் தடவை கதவுக்கு வெளியிலயாவது நிக்கணும் நீங்க. இல்லேன்னா விருது போட்டோவைக் காட்டி, இதுதான் உங்கப்பான்னு சொல்லி வளத்துக்கறேன்.”

காலையில் பூங்கொத்தோடு வந்தவர் வாசலைத் தாண்டியதும் அதிர்ந்து நின்றார். ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் ஒரு வெள்ளைத்தாள். பேனாக் கிறுக்கல்: ‘எக்ஸ்ரே’, ‘மருந்து’, ‘கழிவறை இது இல்லை’. சுற்றுமுற்றும் பார்த்தார். கிழித்தார். மூன்று மாடியிலும் ஒன்றுவிடாமல் கிழித்துக் கசக்கிப் பைகளில் திணித்துக்கொண்டார்.

கடைசித் தாளைத் திணிக்கும்போது மைத்துனனின் போன். அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

“மூணாவது மாடி மாமா. போர்டைப் பாத்து வாங்க. நீங்க போட்டதுதானே.”

அகலம் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து கதவு, ஐந்து பலகை. பெட்டி, பெட்டி, கீறல், பெட்டி. இத்தனை நாளும் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறாரே தவிர, ஒருநாளும் வாசித்ததில்லை. பைக்குள் துழாவினார். ‘பிரசவம்’ தாள் கிடைத்தது. அது எந்தக் கதவில் இருந்தது என்பதுதான் நினைவில்லை.

போனில் கேட்டால் மைத்துனன் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான். எதிரே வந்த செவிலியரிடம் கேட்கலாமென்றால், ‘இதை வரைந்ததே நான்’ என்று போன வாரம்தான் அவரிடம் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் வெறும் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மறுபடியும் எவனோ கிழிச்சிட்டான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் இதைச் செய்வானா?”

செய்யமாட்டான் என்று அகலமும் தலையாட்டினார். பிறகு, இருப்பதிலேயே கம்பீரமான பலகையைத் தேர்ந்து அந்தக் கதவின்முன் நின்றார். உள்ளே ஏதோ கடகடவென்று ஓடியது. நவீனக் கருவி என்று மெய்சிலிர்த்தார். கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்ததும் தழுதழுத்த குரலில் முடிந்ததா என்று கேட்டார்.

“இன்னும் ஒரு சுத்து இருக்கு சார். நில்லுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

குழந்தை பிறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவர் நின்றது சலவை அறை வாசலில்.