விதை எண்ணெயில் ஒரு கலவை

இருபத்திரண்டு வருடமாக இறப்பர் அரைத்ததில் ஸஹாப்தீனுக்கு முழங்கை வரை தோல் வெடித்திருந்தது. கப்பல்துறையில் குலசிங்கம் முதலாளியின் பட்டறையில், படகுகள் இடிபடாமல் இறங்குதுறையில் கட்டும் இறப்பர்த் தடுப்புகள் செய்வார்கள். இறப்பரை இளக்கப் போடும் பெற்றோலியக் கறுப்பெண்ணெய்தான் தோலைத் தின்கிறது, அதைத் தொட்டால் கை தேறாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தொடாமல் இருப்பதென்றால் வேலையை விட வேண்டும். அவருக்கோ வேறு தொழில் தெரியாது.

கலவை அளவுகள் பார்க்கும் சுலோஜனா, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், ஸஹாப்தீனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவள், முதலாளியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி, கறுப்பெண்ணெய்க்குப் பதிலாக இறப்பர் விதையில் பிழிந்த எண்ணெய் ஒரு பரல் எடுப்பித்தாள். ஒரு கலவை பார்க்கலாம், பிழைத்தால் பழைய எண்ணெய்தான் என்றார் முதலாளி.

இரண்டு உருளைகளுக்கு நடுவே இறப்பர் சுற்றியது. கரித்தூள் சேர்ந்ததும் ஸஹாப்தீன் விதை எண்ணெய் வாளியை ஒரேயடியாகக் கவிழ்த்தார். இறப்பர் உருளையில் பிடிக்காமல் வழுக்கி, துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது.

"பிள்ளை, இது வடை சுடத்தான் சரி," என்றார் முதலாளி.

"என்ர பிழை ஐயா. அளவைக் கூட்டி எழுதிப்போட்டன்," என்றாள் சுலோஜனா.

ஸஹாப்தீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து தரமாகப் பிரித்து ஊற்றும்படி அவள் எழுதித் தந்த துண்டை அவர் எழுத்துக்கூட்டி வாசித்துமிருந்தார். கைதான் பழைய பழக்கத்தில் போய்விட்டது.

"இல்ல முதலாளி. பிள்ளை சரியாத்தான் எழுதித் தந்தவ. நான்தான் ஒரேயடியா ஊத்தினனான்."

"இருபத்திரண்டு வருசமா என்னத்தைக் காணும் கிழிச்சனீர்?"

"றப்பரைத்தான் முதலாளி."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அதட்டினார்: "இன்னும் ஒண்டு போடுங்கோ. அதுவும் விழுந்தா ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரப்படாது!"

இந்தத் தடவை கோப்பை கோப்பையாக, ஊற்றியது உறிஞ்சும் வரை பொறுத்து ஊற்றினார். இறப்பர் உருளையோடு ஒட்டிக்கொண்டு பளபளவென்று சுற்றியது. மறுநாள், அவித்தெடுத்த தடுப்பில் சுலோஜனா கடினமானியை அழுத்தினாள். முள் சரியான இடத்தில் நின்றது. முதலாளி தன் கையாலும் முறுக்கிப் பார்த்துவிட்டு, கறுப்பெண்ணெய்ப் பரல்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

"உங்கட பிழையெண்டு ஏன் பிள்ளை சொன்னனீங்கள்?" என்று ஸஹாப்தீன் மெல்லக் கேட்டார்.

"எனக்கு வேற வேலை கிடைக்கும் நானா."

மதிய ளுஹர் தொழுதுவிட்டு அவர் கையேந்தியபோது, தன் பிள்ளைகளின் பெயர்களோடு அவள் பெயரையும் சேர்த்து நெடுநேரம் துஆக் கேட்டார். கைகளுக்காகக் கேட்க மறந்தே போனார்.