மௌனனின் இடது கால்

‘கருங்கோள்’ தொடரின் இரண்டாம் சீசன் டீசரில் அந்த உருவம் பதினோரு நொடி வருகிறது. இரும்பு முகமூடி, முழங்கால் வரை கறுப்பு அங்கி, கனத்த பூட்ஸ். சிவப்பு மணலில் இடது காலை இழுத்து இழுத்து நடந்துபோய் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. பேச்சில்லை. ரசிகர்கள் அதற்கு மௌனன் என்று பெயரிட்டு, ஆறு வாரமாக அவர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முகமூடிக்குள் இருந்தது புணேயின் கட்கிப் பகுதியில் குடியிருக்கும் டேனியல். நட்சத்திர நடிகருக்கு அன்று வேறு படப்பிடிப்பு. அவர் உயரத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிம்ப்ரி தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்திருந்த டேனியல் ஆறடி இரண்டங்குலம். உயரத்தை அளந்தார்கள். காலை அளக்கவில்லை. நட்சத்திரத்தின் பூட்ஸ் எட்டாம் நம்பர், டேனியலின் கால் பத்து. நட்சத்திரத்தின் அளவுக்குத் தைத்ததுதான் பதிலாளுக்கும்; அது சினிமாக்காரர்களின் சட்டம்.

டேனியலுக்குச் சர்க்கரை உண்டு. அந்த பூட்ஸில் இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்து, ஓரத்தில் புண் வைத்துவிட்டது. “இன்னும் ஒரு நாள் அந்த பூட்ஸ போட்டா விரல எடுக்க வேண்டி வரும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த படப்பிடிப்பு திங்கட்கிழமை. டேனியல் உதவி இயக்குநர் கௌஷிக்குக்கு போன் போட்டான். கௌஷிக் கோயம்புத்தூர்க்காரன்.

“பூட்ஸ மாத்த முடியாதுங்ண்ணா. அந்த நொண்டல்தான் ஹிட்டே. புரொட்யூசர் ரசிகர்க வீடியோ பூராப் பாத்துட்டு, சீசன் முழுக்க இழுத்துத்தான் நடக்கோணும்னு எழுதச் சொல்லிட்டாருங்க.”

“அரே, வேற பூட்ஸ் குடுப்பா. நானே நொண்டிக் காட்டறேன்.”

“நானும் கேட்டுட்டனுங்ண்ணா. நடிச்சா செயற்கையா இருக்குமாம்.”

டேனியலுக்குக் காது சூடானது.

“மகர்பட்டாவுல ஒரு ரசிகர் பேரவை இருக்குதுங்ண்ணா. அவங்க சொன்னா புரொட்யூசர் கேப்பாரு. நாஞ் சொன்னா யாரு கேக்கறாங்க?”

கதையை வெளியே சொல்லக்கூடாது என்று டேனியலிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவனுக்கு யாரும் கதையே சொல்லவில்லை. காலைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பஸ் மாறிப் போனான்.

மகர்பட்டாவில் ஒரு குடியிருப்பின் கிளப் ஹவுஸ். வாசலில் ஒட்டியிருந்த சதுரக் கட்டத்தை ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுவில் சேர்ந்தால்தான் உள்ளே விட்டார்கள். குழுவின் பெயர், ‘கருங்கோள் ஆய்வுப் பேரவை, புணே தமிழ்ப் பிரிவு’. ஏசி அறையில் நாற்பத்துமூன்று பேர். நிகழ்ச்சி நிரல், போன கூட்டத்தின் தீர்மானங்கள், அவற்றின் மீதான திருத்தங்கள். தலைவர் ஸ்ரீநிவாசன் வார நாட்களில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினெட்டுப் பேரை விரட்டுகிறவர். வாரக் கடைசியில் விண்மீன் மண்டலங்களை.

திரையில் பேரவை உறுப்பினர் பார்கவியின் ஆய்வு ஓடியது. அறுபத்திரண்டு ஸ்லைடு. “இழுபடுற கால் தரையோட பதினோரு டிகிரி. சீன் பதினோரு செகண்ட். கருங்கோளுக்கு நிலா எத்தனை?”

“பதினொண்ணு!” என்றது அறை.

“ஸோ, மௌனன் வேற ஈர்ப்பு விசையில பொறந்தவர். அந்த நடையில ஒரு நாகரிகத்தோட மொத்த சோகமும் இருக்கு.”

கைதட்டினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டேனியல் எழுந்தான்.

“சார், அவருக்கு பூட்ஸ் டைட்டா இருந்திருக்கும்.”

சிரிப்பு அடங்க நேரமானது. ஸ்ரீநிவாசன் கை உயர்த்தி அதை அடக்கினார். அவருக்குப் பெருந்தன்மை உண்டு.

“நல்லது ப்ரோ. எளிமையான பார்வை. முதல் சீசன் எத்தனை தடவ பாத்திருக்கீங்க?”

“ஒரு தடவ கூட பாக்கல சார். ஆனா டீசர்ல நடந்ததே நான்தான்.”

“போன மாசம் ரெண்டு மௌனன் வந்தாங்க. ஒருத்தர் அங்கியே தைச்சுப் போட்டுண்டு வந்தார்.”

மறுபடி சிரிப்பு. டேனியல் செருப்பைக் கழற்றி, கட்டை அவிழ்த்து, காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. முதல் வரிசை மூக்கைப் பொத்தியது.

“பாருங்க. நாளைக்கு திரும்பவும் அத மாட்டச் சொல்றாங்க. நீங்க நொண்டல் நல்லாயிருக்குன்னு சொன்னீங்களாம், அதான். வேணாம்னு ஒரு வரி எழுதிப் போடுங்க சார். கை கூப்பிக் கேக்கறேன்.”

பார்கவி எட்ட நின்று விரலைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். “மேட்ச் ஆகல. கட்டைவிரல்ல வலின்னா குதிகாலை ஊனி நடப்பாங்க. மௌனனோட வலி இடுப்புலேர்ந்து வருது.”

“ஏம்மா, விரல் என்னுது! வலி எங்கேர்ந்து வருதுன்னு நீ சொல்றியா எனக்கு?”

“டோன், ப்ரோ, டோன்” என்றார் ஸ்ரீநிவாசன். “உங்க வலிய நாங்க மதிக்கிறோம். ஆனா இங்க எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. ஓட்டுக்கு விட்டுடலாம். பூட்ஸ் கோட்பாட்டை ஆதரிக்கிறவங்க?”

டேனியல் கை தூக்கினான். அவனுக்கே அது அவமானமாக இருந்தது, ஆனாலும் தூக்கினான். நாற்பத்துமூன்று பேர் மடியிலிருந்து கை அசையவில்லை. கோட்பாடு தோற்றதாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். காலை இறக்கியதும் யாரோ மேஜைக்கு சானிடைசர் அடித்தார்.

வீட்டில் ஸ்டெல்லா கேட்டாள், “என்னா சொன்னாங்க?”

“ஓட்டு போட்டாங்க. எனக்கு வலிக்கலையாம்.”

அவள் உள்ளே போய், அவனுடைய பழைய டூல் பெட்டியிலிருந்து பட்டைக் கத்தியை எடுத்து வந்து அவன் பையில் போட்டாள்.

திங்கட்கிழமை உடை மாற்றும் வேனில் டேனியல் இடது பூட்ஸை மடியில் வைத்து, முனையை வட்டமாக அறுத்து எறிந்தான். நாலு அடுக்குத் தோல். ஒவ்வோர் அடுக்குக்கும் ஸ்ரீநிவாசனை ஒரு வார்த்தை சொல்லித் திட்டினான். கடைசி அடுக்குக்குத் தமிழில் வார்த்தை தீர்ந்து மராத்திக்குப் போனான். மாட்டிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தான். நிமிர்ந்து, இரண்டு காலும் முழுசாக ஊன்றி, வெள்ளைக் கட்டு போட்ட விரல் முன்னால் வழிகாட்ட நடந்தான்.

“ண்ணா! நொண்டுங்ண்ணா!” என்று கௌஷிக் கத்தினான்.

முகமூடியைக் கழற்றாமலே டேனியல் கத்தினான். “இதான்டா என் நடை! புடிச்சா எடு, இல்லன்னா போடா!”

ட்ரோன் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் எடுத்ததை வைத்துக்கொண்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். டேனியல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனான்.

மூன்றாம் வாரம் இரண்டாவது டீசர் வந்தது. அன்று மாலையே ஸ்ரீநிவாசன் ஐம்பது நிமிட வீடியோ போட்டார்: மௌனன் ஏன் குணமானார், பூட்ஸிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை உருண்டை கருங்கோளின் எத்தனையாவது நிலா.

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து டேனியல் குழுவில் எழுதினான்: “அது என் கட்டைவிரல்.”

இரண்டு நிமிடத்தில் அவனைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். காரணத்தைத் தனியாக அனுப்பியிருந்தார் ஸ்ரீநிவாசன்: “ஆதாரமற்ற ஊகம்.”

டேனியல் போனைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினான். காலடியில் மருந்து தடவிக்கொண்டிருந்த ஸ்டெல்லா நிமிரவில்லை.

“அப்புறமா போன ஒடை. மொதல்ல விரல ஆட்டு பாக்கலாம்.”

ஆட்டினான். ஆடியது.