மேனேஜருக்கு ஒரு வெயில்

படங்களுக்கு ஃபிரேம் போடும் கடைக்காரரின் மகள் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவது ஆமையைப் பார்க்கத்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. வந்ததும் செருப்பைக் கழற்றுவாள், நேரே பின்னறைக்குப் போவாள், "மேனேஜர் எப்படி இருக்காரு?" என்பாள். அப்பா எப்படி இருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில் அடங்காது. நடுவில் வீடியோவில் கூப்பிட்டாலும் போனை ஆமைப் பக்கம் திருப்பச் சொல்வாள். கை வலித்துப் போனை மாற்றிப் பிடிக்கும்போது மட்டும் இவர் முகம் அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆமைக்கு மேனேஜர் என்று பேர் வைத்தது அவருடைய மனைவி. "லேட்டா எழுந்திரிக்குது, மெதுவா நடக்குது, கூப்பிட்டா தலைய உள்ள இழுத்துக்குது. வேற என்ன பேர் வெக்கிறது?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக வாங்கி வந்தவள் அவள்தான். தினமும் காலையில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்குவாள். இப்போது அவள் இல்லை.

அவள் இல்லாமல் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். ஓயாமல் வயிற்றுவலி என்றபோது டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இவர் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். கடையில் வேலை குவிந்து கிடந்த நேரம். காசென்றால் கையைப் பொத்திக்கொள்ளும் புத்தியும் கூட இருந்தது. கடைசியில் எடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டர், காலம் கடந்துவிட்டது என்று படத்தை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். துக்கம் கேட்க வந்த கூட்டத்துக்கு நடுவில் மகள், "உன் கஞ்சத்தனம்தான்பா அம்மாவ முழுங்கிடுச்சு" என்றாள். அவள் அவரை 'நீ' என்று பேசியது அன்றோடு சரி. மறுநாளிலிருந்து 'நீங்க' ஆகிவிட்டார். பெற்ற பெண் மரியாதை கொடுத்தால் இப்படி வலிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மகள் வேலை பார்க்கும் ஊரில் அவள் குடியிருந்த வீட்டில் பிராணிகள் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மேனேஜர் இவரிடமே தங்கினார். இவர் கடை திறக்கக் கிளம்பிவிட்டால் மாடிக்குத் தூக்கிப் போக ஆள் கிடையாது. போதாக்குறைக்குப் பக்கத்து மனையில் ஒரு கட்டடம் எழும்பி, இருந்த வெயிலையும் மறைத்துக்கொண்டது.

"வெயில் படலன்னா ஓடு மெத்துன்னு ஆயிடும்" என்றாள் மகள். "அதுக்குன்னு லைட் இருக்கு. வாங்கி மாட்டுங்க. இதுலயும் கணக்குப் பாக்காதீங்க."

கடைசி வாக்கியம் நெஞ்சில் தைத்தது. மறுநாளே பிராணிகள் விற்கும் கடைக்குப் போனார். ஆமைக்கென்று மூடி போட்ட விளக்கு, சூடு தரும் பல்பு, தாங்கி எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணைக் கட்டியது. வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் வாழ்நாளெல்லாம் ஃபிரேம் போட்டவர் அவர். உள்ளே இருக்கும் படத்துக்கு எவ்வளவு, சட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அவர் கண் சும்மா இருக்குமா? பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி விலை அந்தப் பிளாஸ்டிக் மூடிக்குத்தான் என்று புரிந்தது.

தெருக்கோடி எலக்ட்ரிகல் கடைக்காரரும் அதையே சொன்னார். "வெயில் மாதிரி வேலை செய்யற அந்த ட்யூப்லைட் மட்டும் அசலா வாங்கிக்குங்க, அதுல கை வெக்காதீங்க. மத்ததெல்லாம் என்கிட்ட விட்டுடுங்க. உங்க தலையில மொளகா அரைக்கத்தான் அந்தப் பொட்டி."

ட்யூபை மட்டும் அசலாக வாங்கினார். மிச்சத்துக்கு எலக்ட்ரிகல் கடையில் ட்யூபை மாட்ட ஒரு பட்டி, சூட்டுக்கு ஒரு சாதாரண பல்பு, அதற்குப் பீங்கான் ஹோல்டர் ஒன்று, பழைய மேஜை விளக்கின் அலுமினியத் தொப்பி ஒன்று, நேரத்துக்கு விளக்கைத் தானே போட்டு அணைக்கும் ஸ்விட்ச் ஒன்று. சட்டம் அடிக்கும் மரத்துண்டில் தாங்கியும் செய்துவிட்டார். எல்லாம் சேர்ந்து பெட்டி விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. எரியவிட்டார். மேனேஜர் கழுத்தை நீட்டி மேலே பார்த்தார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மனிதர் தாங்கியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் மலிவாக முடித்துவிட்டோமே. மரத்தாங்கி ஆடி, பல்பு ஆமை முதுகில் விழுந்து வெடித்தால்? மகள் முகத்தில் எப்படி விழிப்பது? மலிவுக்கு ஈடாக எதையாவது தாராளமாகச் செய்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

கடையில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. மனைவியின் படத்துக்கு வெட்டியதில் மிஞ்சியது. கடையிலேயே உயர்ந்த ரகம். வாடிக்கையாளர்களிடம் அதைக் காட்டும்போதே அவர் குரல் மாறிவிடும். "வெயில்ல ஒரு கதிர் இருக்கு சார், அதுதான் படத்தோட நிறத்தத் தின்னுடும். இந்தக் கண்ணாடி அந்தக் கதிர உள்ளயே விடாது. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் படம் இப்படியே இருக்கும்." விற்றால் நல்ல விலைக்குப் போகும் துண்டு. இரண்டு முறை கேட்டு வந்தவர்களுக்கும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

அதை எடுத்து ஓரம் தேய்த்து, கைரேகை படாமல் துடைத்து, விளக்குக்கும் ஆமைக்கும் நடுவில் பொருத்தினார். இனி பல்பு வெடித்தாலும் மேனேஜர் மேல் ஒரு தூசு விழாது. கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்கு வெளிச்சம் பளிச்சென்று இறங்கியது. கடையில் வெயில் என்றால் அவருக்குப் பகை. வீட்டில் பல்பு என்றால் வெளிச்சம். இரண்டையும் அவர் மனசு ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு விசிலடித்துக்கொண்டே சமைத்தார்.

மகளுக்கு வேலை நெருக்கடி. சில மாதங்கள் வர முடியவில்லை. வீடியோவில் பார்த்தாள். "லைட் நல்லா இருக்கே" என்றாள். அந்த ஒரு வார்த்தையை இவர் பல நாள் வைத்துக் கொண்டாடினார். மேனேஜர் விளக்கடியிலேயே படுத்துக் கிடந்தார். முன்புபோல் நடப்பதில்லை. சுகமாக இருக்கிறது, தூங்குகிறது என்று இவர் எண்ணிக்கொண்டார்.

மகள் வந்தாள். வழக்கம்போல நேரே பின்னறைக்குப் போனாள். ஆமையைத் தூக்கினாள். அவளுடைய கட்டைவிரல் ஓட்டில் அழுந்தியது. அழுத்தினால் அழுந்தக் கூடாத பொருள் அது.

மிருக டாக்டர் மேஜைமேல் ஆமையை நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னங்கால்கள் வளைந்து இழுத்தன. "உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா கால் இப்படியேதான் இருக்கும். என்ன லைட் போட்டிருக்கீங்க?"

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. இவர் அவசரமாகப் போனில் இருந்த படத்தைக் காட்டினார். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"லைட் சரியான லைட்தான். உயரமும் சரி. கையால செஞ்சதா? ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க." இவருக்கு மூச்சு வந்தது. "நடுவுல ஏதோ பளபளங்குதே, அது என்ன?"

"கண்ணாடி டாக்டர்" என்றார் பெருமையாக. "பல்பு வெடிச்சா மேல விழக் கூடாதுன்னு போட்டேன். எங்க கடையிலேயே ஒசந்த கண்ணாடி."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மகள் கத்திவிட்டாள். "அப்பா! வெயில்ல இருக்கற கதிர உள்ளயே விடாதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் நீதானே சொல்லுவே! நான் குழந்தையா இருந்தப்பலேருந்து சொல்றியே! அந்தக் கதிருக்காகத்தானே இந்த லைட்டே!"

அவருக்கு முதலில் காதில் விழுந்தது 'நீ'தான். ஒரு நொடி, வெட்கமில்லாமல், அதற்குச் சந்தோஷப்பட்டார். பிறகுதான் மற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கஞ்சத்தனத்தில் செய்தது அத்தனையும் சரியாக இருந்திருக்கிறது. ஆசையாக, கணக்குப் பார்க்காமல் செய்த ஒன்றே ஒன்று ஆமையின் காலை வாங்கிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? கஞ்சன் என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நல்ல கண்ணாடிம்மா அது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் யார் யாருக்கோ போன் செய்தாள். பிராணிகளை அனுமதிக்கும் வீட்டில் ஒரு தோழி இருந்தாள். மகளும் அங்கேயே மாறிக்கொள்ளப் போகிறாளாம். அட்டைப்பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டாள். விளக்கை இவரே கழற்றி, ட்யூப் உடையாமல் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"லைட்ட நானே எடுத்துக்கறேன். டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க."

டாக்ஸி வந்து நின்றது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் வைத்தார். உள்ளே மேனேஜர் ஒரு தரம் நகர்ந்து, அட்டையில் உரசும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து கேட்டார்.

"இனி எப்பம்மா வருவே?"

அவள் மடியில் இருந்த விளக்கைச் சரிசெய்துகொண்டே நிமிர்ந்தாள்.

"எதுக்குப்பா?"

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். வேறு ஏதாவது வேலை இருக்கிறதா, கையெழுத்து ஏதும் போட வேண்டுமா என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு காரணம் தேடினார். டிரைவர் வண்டியைக் கிளப்பும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை.