மழைக்கால வீடு

எலிசேயோ தென்னை உச்சியில் இருந்தான். இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிறு, தோளில் இன்னொரு கயிறு, கையில் வெட்டுக்கத்தி. குலையைச் சும்மா வெட்டிப் போட்டால் கீழே தாழ்வாரத்து ஓடு உடையும். அதனால் முதலில் காம்பில் கயிற்றைக் கட்டி, மட்டைக்கு மேலே சுற்றிப் போட்டு, வெட்டிய பிறகு கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். கீழே வீட்டுச் சொந்தக்காரி மார்லீன் அம்மாள் ஓலைத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். தலையில் தேங்காய் விழுந்து செத்துப்போவோம் என்பதுதான் இந்தக் கடற்கரையில் அவளுக்கு இருந்த ஒரே பயம். மற்றபடி போக்கா சேகா என்ற இந்த ஊரில் அவளுக்கு எல்லாமே பிடிக்கும்.

ஏப்ரல் கடைசி. மற்ற வருடங்களில் இந்த வாரம் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கி வாசலில் வரிசையாக நிற்கும். மெத்தைகளுக்கு எலிசேயோ பிளாஸ்டிக் உறை போடுவான். மார்லீன் அம்மாளும் அவள் கணவர் கோர்டன் ஐயாவும் கனடாவுக்குக் கிளம்பிப் போய், நவம்பரில்தான் திரும்புவார்கள். இந்த வருடம் பெட்டிகள் இறங்கவில்லை. இன்று காலை ஜன்னலைத் துடைக்கும்போதே அதைக் கவனித்திருந்தான். ஆனால் கேட்கவில்லை. கேட்பது அவன் பழக்கமில்லை.

மரத்திலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் நெடுஞ்சாலையைத் தாண்டி மேடு. மேட்டில் சிவப்பு மண்ணுக்கு நடுவே தகரக் கூரைகள். அவற்றில் மூன்றாவது அவனுடையது. வாசலில் அவன் மனைவி ஒதிலியா பாயை உதறி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்பது அதைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு வருடமாக இதுதான் வழக்கம். மழைக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கறையான் தின்னும், சுவரில் பூஞ்சணம் படரும், அலமாரிக்குள் வௌவால் குடியேறும். மனித மூச்சுப் பட்டால்தான் வீடு வீடாக இருக்கும். ஆகவே அம்மாளும் ஐயாவும் கிளம்பிய மறுநாள் எலிசேயோவின் குடும்பம் இறங்கி வரும். அவன், ஒதிலியா, செலி என்று கூப்பிடும் மகள் அராசெலி, லவங்கப்பட்டை நிறத்தில் ஒரு நாய். அதன் பெயர் கனெலா. அக்டோபர் முடியும்வரை அந்தச் சிமெண்டுத் தரையில், அந்த ஓட்டுக்கூரைக்குக் கீழே இருப்பார்கள். மேட்டிலோ மழை பிடித்தால் மண்தரையில் தண்ணீர் நடந்து போகும். அந்த ஈரத்தில்தான் செலிக்கு மூன்று வயதில் முதல் மூச்சிழுப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே அவள் உதடு நீலமாகிவிட்டது. கீழே வர ஆரம்பித்த பிறகு ஒரு மழைக்காலத்திலும் இழுப்பு வரவில்லை.

அவன் இறங்கிக் கால் மண்ணில் பட்டதும் மார்லீன் அம்மாள் கை தட்டினாள்.

"எலிசேயோ, வாருங்கள், உட்காருங்கள். உங்களிடம் ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும்."

அவள் பேச்சு எப்போதும் பாடப்புத்தகத்திலிருந்து கிழித்து எடுத்தது போலவே இருக்கும். தாழ்வாரத்து மேசையில் குடிக்கப் புளிச்சைப் பூ ஊறவைத்த தண்ணீர், கேக். கோர்டன் ஐயா எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது. அதனால் எல்லாவற்றையும் கையாலேயே சொல்வார்.

"நாங்கள் கனடாவில் எங்கள் வீட்டை விற்றுவிட்டோம். இனி பனி இல்லை. இந்த ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கப் போகிறோம். அடுத்த ஆண்டும்."

எலிசேயோ கேக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"உங்கள் வேலை அப்படியே இருக்கும். சம்பளமும் அப்படியே. கவலைப்பட வேண்டாம்." அவள் முன்னால் சாய்ந்தாள். "ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இதனால் உங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்கிறதா?"

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். கண்ணைப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்காகக் காத்தும் இருந்தாள். எலிசேயோ கையிலிருந்த கேக்கைப் பார்த்தான். விருந்து வைத்து உட்கார வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம், அவள் சந்தோஷமாக இருக்கும் நாளில், ஆமாம் என்று எப்படிச் சொல்வது? அவன் அப்பன் சொன்னதில்லை, அவன் தாத்தனும் சொல்லியிருக்க மாட்டான்.

"சிரமம் என்னங்கம்மா. உங்க வீடு. நீங்க இருந்தா எங்களுக்குச் சந்தோஷம்தானே."

"நான் கோர்டனிடம் சொன்னேன்! பாவம், நமக்காக இவர்கள் சொந்த வீட்டை விட்டு ஆறு மாதம் இங்கே வந்து காவல் படுக்கிறார்கள் என்று. இனிமேல் மழைக்காலத்தில் நீங்கள் உங்கள் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம்."

"ஆமாங்கம்மா" என்றான் எலிசேயோ. அம்மாள் மீதிக் கேக்கைத் தாளில் சுற்றி மகளுக்கென்று கொடுத்தாள். அவன் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னான்.

மேட்டில் ஒதிலியா மண் ஓட்டில் சோள ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் இரண்டு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது. ரொட்டி கருகியது.

"நீ என்னய்யா சொன்ன?"

"சிரமம் இல்லன்னு சொன்னேன்."

"அந்தம்மா கேட்டாங்களா? வாயைத் திறந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"வாயுள்ள பிள்ளை பொழைக்கும்பாங்க. உனக்கும் வாய் இருக்கு, சரி சொல்றதுக்கு மட்டும்." கருகிய ரொட்டியை எடுத்து நாய்க்கு எறிந்தாள். "என் ஊஞ்சலைக் குடுத்த மாதிரிதானே இதுவும்?"

அந்த ஊஞ்சல் கதை வருடா வருடம் வரும். ஒதிலியா நான்கு மாதம் உட்கார்ந்து நூலில் பின்னிய வலை ஊஞ்சல். வெளியில் கட்டியிருந்ததைப் பார்த்து மார்லீன் அம்மாள் அழகு என்றாள். எலிசேயோ, யாராக இருந்தாலும் சொல்வதைப் போல, "உங்களுதுதாங்கம்மா" என்றான். அம்மாள் கண் கலங்கிவிட்டாள். அப்படியே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றும் அது அந்தத் தாழ்வாரத்தில் தொங்குகிறது.

"நம்மாளுங்களா இருந்தா, 'உங்களுது'ன்னா, 'இருக்கட்டும், உங்ககிட்டயே நல்லாருக்கு'ன்னுடுவாங்க. அது பேச்சு. இவங்களுக்கு நீ சொன்னது சொன்னதுதான். இத்தினி வருசமாச்சு, இது உனக்கு எப்பத்தான் ஏறும்?"

"அவங்க நல்லவங்க, ஒதிலியா."

"நான் கெட்டவங்கன்னா சொன்னேன்? நல்லவங்கதான். அதான் தலைவலியே. கெட்டவங்கன்னா சண்டையாவது போடலாம்." அவள் அடுத்த ரொட்டியைத் தட்டினாள். "நாளைக்கு நான் போறேன். பின்கட்டுல துணி துவைக்கிற அறை சும்மாதானே கெடக்கு? மழை நாலு மாசம் மட்டும் அதைக் குடுங்கன்னு கேக்கிறேன். புள்ளைக்கு நெஞ்சு சரியில்லன்னு நேராவே சொல்றேன். எனக்கென்ன வெக்கம்?"

செலி கதவருகில் கேக் தின்றுகொண்டிருந்தாள். "அப்ப நாம கீழ போகலையா?" என்றாள். விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கனெலாவிடம் நீட்டினாள்.

மறுநாள் காலை ஒதிலியா தலையை ஈரத்தோடு வாரிப் பின்னி, நல்ல பாவாடை உடுத்திக்கொண்டு போனாள். எலிசேயோ கிணற்றடியில் தண்ணீர்த்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான். மார்லீன் அம்மாள் வாசலுக்கே ஓடி வந்து அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். நெடுநேரம் பேச்சு கேட்டது, பெரும்பாலும் அம்மாளுடையது. திரும்பி வரும்போது ஒதிலியாவின் கையில் மடித்த நீலத்துணி ஒன்று இருந்தது.

"சொன்னியா?"

ஒதிலியா அவனைப் பார்க்கவில்லை. "அந்த அறைக்கு மஞ்சச் சாயம் அடிச்சிட்டாங்க. படம் வரையப் போறாங்களாம். பலகை, தூரிகை எல்லாம் வாங்கி வெச்சிருக்காங்க. உள்ள கூட்டிட்டுப் போய், எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வேற என்ன சொல்றது? ரொம்ப நல்லாருக்குன்னேன்." நீலத்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ஜன்னலுக்குத் திரை தெச்சுக் குடுக்கிறேன்னும் சொல்லிட்டு வந்துட்டேன்."

எலிசேயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்று இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒதிலியா முந்திச் சிரித்து முந்தி நிறுத்தினாள். துணியால் கண்ணைத் துடைக்கப் போனவள், அது அவர்களுடைய துணி என்று நினைவு வந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மூட்டைகளைப் பிரிக்கவில்லை. மே நடுவில் வரும் சான் இசிட்ரோ திருநாள் போய்விட்டால் மழை எந்த நாளும் வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எலிசேயோ கூரைத் தகரத்து ஓட்டைகளில் தார் பூசினான். மேட்டுப் பக்கமாக வாய்க்கால் ஒன்று வெட்டினான். செலியின் கட்டிலுக்கு நான்கு செங்கல் கொடுத்து உயர்த்தினான். மற்ற நாட்களில் கீழே போய், மழைக்காலத்தில் அந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட வேண்டும். செருப்பை உதறிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், தேள் இருக்கும். துணி அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை இரவு பகலாக எரியவிட்டால் துணியில் பூஞ்சணம் பிடிக்காது.

"துணிக்கு விளக்கா!" என்று மார்லீன் அம்மாள் அதிசயப்பட்டாள். அவனே பல்பை மாட்டிக் கொடுத்தான்.

"அப்புறம், மழை பெய்யும்போது இந்தப் பெரிய கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுடுங்கம்மா. பாதி தெறந்திருந்தாலும் ஈரம் உள்ள ஏறிடும். ஏறிட்டா அக்டோபர் வரைக்கும் போகாது. நெஞ்சுக்கு ஆகாது."

"உங்களுக்கு இந்த வீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது" என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு ஜன்னலின் கொக்கியைச் சரிபார்த்தான்.

மழை ஜூன் மாதத்தில் ஒரு மாலை வந்தது. முதலில் மலைப்பக்கம் இடித்தது. அந்தச் சத்தத்தில் கனெலா எழுந்தது. அது இடிக்குப் பயந்த நாய். நவம்பரில் மேட்டுக்கு ஏறினால் அடுத்த மழைவரை செலியின் காலடியை விட்டு அகலாது. ஆனால் இடி இடித்தால் எங்கே போக வேண்டும் என்று அதற்கு ஆறு வருடமாகத் தெரியும். மேட்டிலிருந்து இறங்கி, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து ஓடியது. செலி அதன் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஒதிலியா தகரத்துக்கு அடியில் பாத்திரங்களை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா, புள்ள நனையுது! போ, பிடி!"

எலிசேயோ பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினான். அது கீழ் வீட்டு மெத்தைகளுக்கு அவன் போடுகிற உறை. மகளை வாசல் படியில்தான் பிடித்தான். அவள் நனைந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் சாப்பாட்டு மேசைக்கு அடியில், மழைக்காலமெல்லாம் படுக்கும் அதே இடத்தில், கனெலா சுருண்டு கிடந்தது. மார்லீன் அம்மாள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பெரிய வெள்ளைத் துண்டால் அதைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எலிசேயோ, இந்த அதிசயத்தைப் பாருங்கள்! இது தானாக வந்தது. வழி தெரிந்தது போல நேராக மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கோர்டன் இதற்குக் கோழிக்கறி கொடுத்தார். எவ்வளவு அழகான நாய்! இது யாருடையது?"

செலி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். எலிசேயோ உள்ளே பார்த்தான். தரை காய்ந்திருந்தது. தண்ணீர் சொட்டும் காலை எடுத்துப் படிக்கு அந்தப் பக்கம் வைக்க மனம் வரவில்லை. வாயைத் திறந்தான். இந்தத் தடவை வேறு என்னவோ சொல்லத்தான் திறந்தான்.

"உங்களுதுதாங்கம்மா" என்றான்.

அவள் துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கணவரிடம் தங்கள் மொழியில் சொன்னாள். அவர் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார்.

"கனெலா" என்று செலி மெதுவாகக் கூப்பிட்டாள். நாயின் வால் இரண்டு முறை தரையில் அடித்தது. மேலே மறுபடி இடித்தது. அது தலையை முன்னங்காலுக்குள் புதைத்துக்கொண்டது.

"வேண்டாம், இந்த மழையில் ஒரு உயிரை வெளியே விட முடியாது" என்றாள் மார்லீன் அம்மாள். பிறகு வாசலில் நிற்கும் குழந்தையைப் பார்த்துக் குனிந்து, அன்பாகச் சொன்னாள்: "பயப்படாதே, கண்ணே. இது கடிக்காது."

"தெரியும்" என்றாள் செலி. அதற்குமேல் பேச மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் போல ஒரு சத்தம் ஆரம்பித்திருந்தது.

எலிசேயோ பிளாஸ்டிக் உறையை மகள்மேல் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டான். அவர்கள் படி இறங்கும்வரை மார்லீன் அம்மாள் கையசைத்தாள். பிறகு, அவன் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, ஈரம் உள்ளே ஏறாமல் இருக்கப் பெரிய கதவை அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.